அவர் ஓட்டினால் மட்டும் நின்றுவிடும்

கிரேன்காரர் தரையில் நடந்ததைவிட மேலே உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். சரக்கு இறக்கும் தளத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், காலையில் சாப்பாட்டு டப்பாவோடு ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவார். கீழே இருப்பவர்களை உச்சந்தலையை வைத்தே அடையாளம் சொல்வார். யாருக்கு வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது என்பது அவரவர் மனைவிக்கு முன்பே அவருக்குத் தெரியும். வெளியே மூச்சுவிட மாட்டார். அதனாலேயே அவருக்குப் பகையாளி கிடையாது.

ஒருநாள் கைப்பிடியைப் பின்னால் இழுத்தார், கிரேன் நிற்கவில்லை. கண் இமைக்கும் நேரம்தான். தொங்கிக்கொண்டிருந்த இரும்புச் சட்டம், கீழே சைகை காட்டிக்கொண்டிருந்தவர் மேல் மோதியது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அடிபட்டவர் பிழைக்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் அதே கிரேனை ஓட்டிப் பார்த்தார்கள். அது சமர்த்தாக ஓடியது. "நீங்க எதை அழுத்துனீங்க?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று முடிவு கட்டி, காபி குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் காபியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வேலை போனதைக்கூடத் தாங்கியிருப்பார். தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. குழாயை மூடிவிட்டு வந்தவர் திரும்பிப் போய் மறுபடி மூடுவார். அடுப்பைத் தொடவே மாட்டார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். மனைவி பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவள் தம்பி கம்ப்யூட்டர் கடையில் மெக்கானிக். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். "அக்கா, மாமா கைக்கு ஏதாவது வேலை கொடுக்கணும்" என்று பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவந்து இறக்கினான். சாப்பாட்டு மேஜையில் வைத்து மாமாவும் அவனும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி உருவாக்கினார்கள். திருகாணி முடுக்கியதெல்லாம் மாமாதான். லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, ஸ்டியரிங்கும் வாங்கிக் கொடுத்தான். அன்று சாப்பிடும்போது, "மழை வந்துடுச்சு, அதான் லாரிய மெதுவா ஓட்டினேன்" என்றார் கிரேன்காரர், மனைவியிடம், தானாகவே. அவள் அடுக்களைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. லாரி பாதி வழியில் இருக்கும், விளையாட்டு பொசுக்கென்று மூடிக்கொள்ளும். சில நாள் ஒரு மணி நேரத்தில், சில நாள் மூன்று மணி நேரம் கழித்து. "நான்தான் ஏதோ பண்ணிட்டேன்" என்பார் அவர்.

மச்சான் விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். சூடாகிறதோ என்று மூடியைக் கழற்றி ஃபேனைப் பார்த்தான். பவர் சப்ளையை மாற்றினான். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு அவனே உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பான், வெண்ணெய் மாதிரி ஓடும். அவர் உட்கார்ந்தால் நின்றுவிடும். கடைசியில் அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"எனக்கு நல்லாத்தானே ஓடுது மாமா. நீங்க எதை அழுத்துனீங்க?"

கிரேன்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தெரியலப்பா" என்றார். எழுந்து போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"அன்னைக்கு விசாரணைக்கு வந்தவங்க கேட்டதும் இதேதான்டா" என்றாள் அக்கா. "ஒரு வார்த்தைகூட மாறல."

அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. மறுநாள் கடைக்குப் போகும் வழியில் வந்து, மெமரியைச் சோதிக்கும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் வந்தபோது திரையில் சிவப்பு வரிகள் வரிசையாக நின்றன.

"மாமா, உங்க மேல தப்பே இல்ல. ரெண்டு ரேம்ல, அதான் மெமரி சிப்ல, ஒண்ணு கோளாறு. எப்பவாவது ஒருதடவைதான் வேலையைக் காட்டும். நான் பத்து நிமிஷம் ஓட்டிட்டு எழுந்துடறேன், நீங்க மணிக்கணக்கா ஓட்டுறீங்க. அதான் உங்ககிட்ட மட்டும் மாட்டிக்கிச்சு."

அவர் அந்தச் சிவப்பு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களும் கொஞ்ச நேரம்தான்டா கிரேனை ஓட்டிப் பாத்தாங்க" என்றார்.

மச்சானுக்கு வேகம் வந்துவிட்டது. "அப்ப அந்தக் கிரேனையும் நாள் முழுக்க ஓட்டிப் பாக்கச் சொல்லுவோம் மாமா. நாளைக்கே போய்க் கேப்போம்."

"எதை ஓட்டச் சொல்லுவ? போன வருஷமே அதைத் துண்டு துண்டா வெட்டி எடைக்குப் போட்டுட்டாங்க" என்றார் அவர்.

அவன் கெட்டுப்போன ரேமைக் கழற்றினான். விளையாட்டைப் போட்டு, எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான். லாரி கிளம்பத் தயாராக நின்றது. அவர் உட்காரவில்லை.

"செத்துப்போனவன் பொண்டாட்டிகிட்டப் போய் நான் என்னடா சொல்றது? வீட்டுக் கம்ப்யூட்டர்ல ரேம் கெட்டுப்போச்சு, அதனால உன் புருஷனை நான் கொல்லலைன்னா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் அந்த நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளிவைத்தாள்.