எந்த டேப் நல்லது?

கொஞ்ச காலம் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் கையிலாவது டேப்லெட்டைப் பார்த்துவிட்டால் போதும், பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வேன். முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் வெட்கப்பட மாட்டேன். "இது எந்தக் கம்பெனி? நல்லா கீதா? சார்ஜ் நிக்குதா? தமிழ் பேசுமா?" என்று வரிசையாகக் கேட்பேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் டேப்பில் பேனா போன்ற ஒன்றால் பாடம் எழுதிக்கொண்டு வந்தாள். பஸ் போட்ட குலுக்கலில் எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று. அழித்து அழித்து எழுதினாள். நான் கேட்டதும், "சூப்பரா இருக்கு ஆன்ட்டி, கண்ணை மூடிகினு வாங்கலாம்" என்றாள். எழுத்து கோணுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் செங்கல்பட்டில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எங்கள் வக்கீல் சாருக்கு வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய அமெரிக்கக் கம்பெனி டேப் ஒன்று இருக்கிறது. அதில் அவர் செய்வதெல்லாம் தேதி பார்ப்பதும் ராகுகாலம் பார்ப்பதும்தான். "இதை அடிச்சிக்க ஆளே கிடையாதும்மா" என்பார். மாமல்லபுரம் கடற்கரை ஓட்டலில் ஆர்டர் எடுக்கும் பையனிடம் சீனக் கம்பெனி டேப். திரையில் ஒரு மூலை விண்டு போயிருக்கும்; மீன் வறுத்த எண்ணெய்க் கை பட்டால் வஞ்சிரம் என்று தொட்டது நண்டு என்று விழும். அவனும் அதைத்தான் புகழ்ந்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது சரியாகத்தான் இருக்கிறது. ஊரில் ஒருவராவது தான் வாங்கின டேப்பைக் குறை சொல்வாரா என்று தேடினேன். ஒருத்தரும் அகப்படவில்லை.

நான் இப்படி ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் என் கணவர். மாமல்லபுரத்தில் அவர் கைடு. தவக் காட்சியைச் செதுக்கிய தவக் கல், ரதங்கள், கடற்கரைக் கோயில் என்று இருபது வருடத்துக்கு மேல் வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே குடும்பத்தை ஓட்டியவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயை மட்டும் வைத்துக்கொண்டு பிழைத்த ஆள். அவருக்குத்தான் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், அதுவே பெரிது. ஆனால் கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, அதன்மேல் ஒரு துணி, பேச்சு அறவே இல்லை. கழுத்தில் அழுத்திப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி சத்தம் வந்தது. ஒரு தடவை வைத்துப் பார்த்தவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் தவக் கல் பக்கமே போகவில்லை. காலையில் எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, செருப்பு வரைக்கும் போய், திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். இந்த மனுஷன் மறுபடி அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நிற்பாரா, இல்லை இந்தக் கட்டிலோடு முடிந்துவிடுவாரா என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது கேள்வி. எழுதினதை வாய்விட்டுப் படிக்கும் டேப் இருக்கிறது என்று யாரோ சொன்னதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். போனிலும் அது உண்டு. ஆனால் கடற்காற்றில் போன் சத்தம் எந்த மூலைக்குப் போதும்?

வாங்குவதற்கு முன் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. என் தம்பி நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கு அமெரிக்கக் கம்பெனிதான் வேண்டும். "அக்கா, மாமாவுக்கு வாங்கினா ஒரே தடவையா ஒஸ்தியா வாங்கணும். பத்து வருஷம் ஆனாலும் ஸ்லோ ஆவாது" என்றான். என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி, படாளத்துப் பக்கம் கிராம சுகாதார நர்ஸ். வேலைக்கென்று கொடுத்த டேப்பில்தான் கர்ப்பிணிகளின் விவரம், தடுப்பூசி விவரம் எல்லாம் ஏற்றுவார். அவர் சீனக் கம்பெனி பக்கம். "ஒஸ்தி இன்னாத்துக்குப்பா? என்கிட்ட கீறது வயல் வரப்புல நாலு வாட்டி வுழுந்துது. ஒண்ணும் ஆவல. காலையில சார்ஜ் போட்டா சாயந்தரம் வரைக்கும் ஓடுது. உன்னோடது வுழுந்தா கண்ணாடி மாத்தவே சொத்தை விக்கணும்" என்றார்.

"அண்ணி, அதுல ஒரு பக்கம் திறக்கிறதுக்குள்ள நான் சோறு வடிச்சிடுவேன்" என்றேன் நான்.

"வடியேன், யாரு வேணாம்னது?" என்றார் அவர். அண்ணியிடம் வாய் கொடுத்து மீள முடியாது.

இந்தக் கூத்து முழுக்க என் கணவர் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் இருந்த காலமாக இருந்தால் மூன்று பேரையும் ஒரே வரியில் உட்கார வைத்திருப்பார்.

கடைசியில் எல்லோருமாகச் செங்கல்பட்டில் கடைக்குப் போனோம். அங்கே நாங்கள் வைத்த பரீட்சையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒவ்வொரு டேப்பிலும் ஒரே வரியை அடித்துப் படிக்கச் சொன்னோம். "இது ஒரே கல்லில் செதுக்கிய ரதம், தனித்தனியாகச் செய்து ஒட்டியது அல்ல." அவர் ஆயிரம் தடவை சொன்ன வரி. ஒன்று செய்தி வாசித்தது. ஒன்று கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்ன மாதிரி இருந்தது. கொரியக் கம்பெனியின் பெண் குரல் மட்டும் ழகரத்தையும் ளகரத்தையும் ஒழுங்காகச் சொல்லிற்று. எனக்குப் பிடித்துப்போயிற்று. கடைக்காரப் பெண் வேறு, "இதுக்குப் பேனா கூடவே வரும் மேடம், தனியா வாங்க வேணாம்" என்றாள். தம்பி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அண்ணி, "கவர் நல்ல தடியா போடும்மா" என்று அதிகாரம் பண்ணினார். அதை வைத்துப் பேசப்போகிறவரைப் பார்த்து, உங்களுக்கு எது பிடிக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் கதவோரம் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஒரு வாரம் நான் அவருடைய பேச்சு முழுவதையும் அதில் ஏற்றினேன். டைப்பிங்தானே என் தொழில்? இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். தவக் கல்லுக்கு ஒரு பட்டன், ரதத்துக்கு ஒரு பட்டன், கோயிலுக்கு ஒரு பட்டன். அவருடைய 'கீது', 'வந்துகினு' எல்லாவற்றையும் துடைத்து நல்ல தமிழாக எழுதினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் வந்த அன்று அவரைத் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். தவக் கல்லில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நின்று தவம் செய்யும், காலடியில் எலிகள். அங்கே அவர் எப்போதும் முதலில், "யார் வூட்ல பூனை கீது?" என்பார். கை தூக்கினவனைப் பார்த்து, "உங்க பூனை தவம் பண்ணுதா?" என்பார். பிள்ளைகள் சிரிக்கும். கொஞ்சம் இடைவெளி விடுவார். "இந்தப் பூனை, நான் இன்னிலேர்ந்து சைவம்னு எலிகிட்ட சொல்லிகினு கீது" என்பார். மறுபடி விடுவார். எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ரொம்ப மெதுவாக, "நாளைக்கி?" என்பார். அவ்வளவுதான், கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

அன்றைக்கு வெயிலில் திரை கறுத்துப்போய் அவர் முகமே அதில் தெரிந்தது. பட்டன் எங்கே என்று தடவித் தடவித் தேடினார். தொட்ட பிறகு அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அந்தப் பெண் குரல், பூனையையும் தவத்தையும் சைவத்தையும் நாளைக்கியையும் ஒரே மூச்சில், ரயில் நிலைய அறிவிப்பு போலச் சொல்லி முடித்தது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் நின்ற சின்னப் பெண், "அங்கிள், இதுல கேம் இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அவர் டேப்பை மூடி என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். நாங்கள் சார்ஜைப் பார்த்தோம், திரையைப் பார்த்தோம், ழகரத்தைப் பார்த்தோம். அந்த மனுஷன் எங்கே நிறுத்துவார், எவ்வளவு நேரம் நிறுத்துவார் என்பதை ஒருத்தரும் பார்க்கவில்லை. அதை எந்தக் கம்பெனியும் பெட்டிமேல் அச்சடித்துக் கொடுப்பதில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து தம்பியும் அண்ணியும் வந்தார்கள். வந்ததும் பழைய சண்டை.

"நான் அப்பவே சொன்னேனேக்கா, கேட்டியா?" என்றான் தம்பி.

"நீ சொன்னது மட்டும் இன்னா கிழிச்சிருக்கும்?" என்றார் அண்ணி.

தம்பி தன் டேப்பைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான். அண்ணி தன்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் டொக்கென்று வைத்தார். இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றி முட்டுகிற மாதிரி குனிந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

என் கணவர் எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேலிருந்து எங்கள் டேப்பை எடுத்தார். இரண்டு பேரையும் ஒரு போட்டோ பிடித்தார். பிறகு பேனாவை உருவினார். நான் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். தம்பி தலையில் ஒரு வளைவு போட்டார். நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு வளைவு. கொம்பு! அண்ணிக்கும் இரண்டு கொம்பு. கீழே நாலு குளம்பு. இரண்டு கிடாக்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. நான் போட்ட சத்தத்தில் அவர்கள் சண்டையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி, அக்காவ ஆடு ஆக்கிட்டியே நைனா" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தார். வரைந்தவர் முகத்தில் மட்டும் ஒன்றுமில்லை. பேனாவை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. மூன்று டேப்பையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் அவரே கோடு போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அண்ணியுடையதில் விரலால் போட்டார். விரல் முன்னால் போக, கோடு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தது. உதட்டைப் பிதுக்கினார். தம்பியுடையதில் அதற்கென்று இருந்த பேனாவால் போட்டார். கோடு பிசகாமல் கூடவே வந்தது. தம்பி மார்பை நிமிர்த்தினான். எங்களுடையதில் இன்னொரு தடவை போட்டார். அதுவும் கூடவே வந்தது. எங்களுடையதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதல் தடவையாக ஒரு டேப்பை அவர் தேர்ந்தெடுத்தார். அதற்குமேல் எந்த டேப் நல்லது என்று யாரிடமும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மறுவாரம் அவரே சட்டையைப் போட்டுக்கொண்டு, என் பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன். சரிவில் உருளாமல் நிற்கிற அந்தப் பெரிய வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு அவர் போனார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், எல்லோரும் செய்கிறபடியே பாறைக்குக் கீழே கையைத் தூக்கி, தாங்கிப் பிடிக்கிற மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. இவர் தன் கழுத்துத் துணியைக் காட்டிக் கையால் 'பேச்சு இல்லை' என்று சைகை செய்தார். டேப்பைக் காட்டினார். அவர்களையும் பாறையையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தார்.

பிறகு சரிவில் உட்கார்ந்து, குடையை விரித்து என்னைப் பிடிக்கச் சொன்னார். வெயிலில் திரை தெரியாது என்பதால் அந்தக் குடும்பம் முழுக்கக் குடைக்குள் தலையை நுழைத்தது. அந்தக் காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் குரலை வீசிக் கூப்பிட்டவர். இன்றைக்கு அவர்களே அவர் தோள்மேல் வந்து சாய்ந்தார்கள்.

படத்தில் பாறைக்கு அடியில் ஒரு கால் வரைந்தார். நிறுத்தினார். எல்லோர் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தார். "கால் மாதிரி கீதே?" என்றேன் நான், அடக்க முடியாமல். இன்னொரு கால். மறுபடி நிறுத்தினார். அந்த வீட்டுப் பெரியவர், "என்னப்பா இது?" என்று இன்னும் கிட்டே வந்தார். இவர் நிதானமாகப் பாறைக்கு ஒரு முகம் வரைந்தார், நெற்றியில் வியர்வைத் துளிகள் போட்டார். அப்புறம் இரண்டு நீளமான கைகள் வரைந்தார். அந்தக் கைகள் கீழே இறங்கி வந்து, நின்றிருந்த குடும்பம் மொத்தத்தையும் சரிவில் உருண்டு விழாமல் தாங்கிப் பிடித்தன. பாறைதான் இவர்களைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்றது.

அப்புறம் குடைக்குள் ஒரே சிரிப்பு. பெரியவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். குடை ஆடிற்று. நான் என் கணவரைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, கண்ணில் நீர், தோள் இரண்டும் குலுங்கின. கழுத்துத் துணி புஸ் புஸ்ஸென்று உப்பி உப்பித் தணிந்தது. ஐயோ, மூச்சு முட்டுகிறதோ என்று பதறிவிட்டேன். குடையைப் போட்டுவிட்டு அவர் நெஞ்சில் கை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தலையை ஆட்டினார். சிரித்துக்கொண்டிருந்தார். குரல் போன பிறகு அவர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.