எது எங்கள் கார்?

போன சித்திரையில் வெண்ணந்தூரிலிருந்து சேலத்துக்குக் காரில் போனோம். எங்கள் நாய் டைகர் வண்டிக்குள் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. ஆட்டையாம்பட்டியில் நிறுத்தியதும் என் கணவர் அதை இறக்கி ஓடவிட்டு, மறுபடி காரில் அடைத்துவிட்டு, முறுக்கு வாங்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

திரும்பிப் போனால் காருக்குள் நாய் இல்லை. கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது. ஒன்றும் புரியாமல் தேடினோம். எங்களுடையதைப் போலவே பக்கத்தில் நின்ற இன்னொரு வெள்ளைக் காருக்குள் டைகர் துவண்டு கிடந்தது. பதறிப்போய் எங்கள் சாவியைப் போட்டால், அந்தக் கதவும் திறந்தது.

"ஏனுங்க, அப்ப இதுதான் நம்ம வண்டிங்களா?" என்றேன்.

"அது எங்க வண்டிங்க" என்றார் பின்னால் வந்து நின்ற ஒருவர். தண்ணீர் தெளித்து டைகரை எழுப்பியதும் அவர்தான்.

இப்போது நாயைத் தனியாக அடைப்பதில்லை. பின்சீட்டில் என் பழைய பச்சைச் சேலையை விரித்திருக்கிறோம். அதைப் பார்த்த பிறகே டைகரை ஏற்றுகிறோம். நானும் அப்படித்தான் ஏறுகிறேன்.