அபினா போட்ட மஞ்சள் நோட்டீஸ்

அபினாவிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தால் ஓரம் வரைக்கும் நிரப்பித்தான் திருப்பித் தருவாள். நாகர்கோவிலில் டிசைன் படிக்கச் சேர்ந்த புதிதிலேயே எங்களுக்கு இது தெரிந்துவிட்டது. ஒரு சின்ன அறிவிப்பு செய்யச் சொன்னால் நாலு மூலையிலும் கொடி, நடுவில் நிழல் விழுந்த எழுத்து, அதைச் சுற்றி ஒரு கோடு, அந்தக் கோட்டைச் சுற்றி இன்னொரு கோடு. ஏட்டி, மூச்சு விடவாவது இடம் விடு என்று நான் கேலி செய்வேன். அச்சடிக்கிற தாளில் சும்மா கிடக்கிற இடம் நஷ்டம் என்பது அவள் கட்சி. அவள் ஊர்க் கடற்கரையில் கோயில் திருவிழா நோட்டீஸ் அப்படித்தான் இருக்கும். எனக்கும் பேச வாயில்லை. தோவாளையில் எங்கள் அப்பா பூக்கடைக்கு வைத்திருக்கும் போர்டிலும் விரல் வைக்க இடம் கிடையாது.

எழுத்தமைப்புப் பாடம் எடுத்தவர் ரஷ்மி மிஸ். அவரிடம் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. நாங்கள் செய்துகொண்டு போகிற தாளைக் கண்சிமிட்டும் நேரம் வகுப்புக்குக் காட்டுவார், உடனே கவிழ்த்துவிடுவார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார். அபினாவின் தாளைக் காட்டியபோது ஒருவன் கல்யாணம் என்றான், ஒருத்தி நகைக்கடை என்றாள். அது ரத்ததான முகாம் அறிவிப்பு. வகுப்பே சிரித்தது.

எல்லாம் எழுதித்தானே இருக்கிறது, வாசித்தால் தெரியுமே என்று அபினா முகம் கறுத்துக் கேட்டாள். வாசிப்பதற்கு முன்பே ஆட்கள் முடிவு செய்துவிடுகிறார்கள் என்றார் மிஸ். எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது அதற்குப் பிறகு, எது இல்லாமலே போகலாம், இந்த மூன்றையும் தீர்மானிக்காதவர்கள் எழுத்தைத் தொடவே வேண்டாம் என்றும் சொன்னார். அன்று மதியம் அபினா என்னிடம், அந்த மிஸ்ஸுக்குக் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்றாள்.

அந்தப் பருவத்தின் நடுவில்தான் அவளுடைய அண்ணன் ஜிபின் போன விசைப்படகைக் காணோம் என்று செய்தி வந்தது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கிற படகு அது. ஜிபினோடு சேர்த்து எட்டுப் பேர். மேற்கே வெகுதூரத்தில் இருந்த இன்னொரு படகுக்கு வயர்லெஸ்ஸில் ஒரு குரல் வந்திருக்கிறது. வலைக்கயிறு புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது, படகு நகரவில்லை, காற்று ஏறுகிறது என்று சொன்ன குரல் அதோடு சரி. பிறகு யார் கூப்பிட்டும் பதில் இல்லை.

நான் கருங்கல் ஜங்ஷனில் பஸ் மாறி அவள் ஊருக்குப் போனேன். போன எனக்கு அங்கே என்ன செய்வது என்று தெரியவில்லை. மாதா கோயிலை ஒட்டிய ஹாலில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அபினாவின் அம்மா சகாயசெல்வி முன்வரிசையில் இருந்தார். அவர் பக்கத்தில் இடுப்பில் கைக்குழந்தையோடு இருந்தவர் லிஜா அக்கா. படகை ஓட்டிப்போன ஸ்ராங்கு ததேயுஸின் மனைவி. அதிகாரிகளிடம் சொல்லியாயிற்று, தேடுகிறோம் என்று பதிலும் வந்தாயிற்று. இனி நம் கையில் இருப்பது வேறு படகுகளின் கண்தான் என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்தது. கேரளம், மங்களூர், கோவா, குஜராத் என்று எல்லாத் துறைமுகத்துப் படகுக்காரர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நோட்டீஸ் வேண்டும். இதைத்தானே படிக்கிறாய் என்று அபினாவிடம் கேட்டார்கள்.

அவள் செய்தாள். மேலே மாதா படம், அதன் கீழே படகின் பெயர். கறுப்புப் பின்னணியில் எட்டு முகங்கள், ஜிபின் முகம் நடுவில். ஒவ்வொரு முகத்தின் கீழும் வெள்ளையில் பெயர். காணவில்லை, கண்டவர்கள் தெரிவிக்கவும் என்று அடியில் ஒரு வரி, அதன் அருகில் படகு எண். எல்லாம் நேர்த்தியாக இருந்தது. அழுதுகொண்டே செய்தாலும் ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

கமிட்டி ஆட்கள் அதை நாலாபக்கமும் அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்திலேயே பதில்கள் வரத் தொடங்கின. சகாயசெல்வி அம்மா கையில் இருந்த போனும் விடாமல் சத்தம் போட்டது. அவர் ஆவலாக எடுத்துப் பார்த்தார். கைகூப்பிய படம். இன்னொன்றும் கைகூப்பிய படம். ஆழ்ந்த இரங்கல். ஆன்மா இளைப்பாறட்டும். மெழுகுவர்த்தி. மறுபடி கைகூப்பிய படம்.

அந்த அம்மா போனைத் தரையில் வைத்தார். குரல் உயரவே இல்லை.

“ஏட்டி, நீ எனக்க மோனுக்கு அடக்க நோட்டீசா அடிச்சே?”

மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தேன். ஜங்ஷன் சுவர்களில் நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் கண்ணீர் அஞ்சலி அது. கறுப்பு, வரிசையாக முகங்கள், வெள்ளைப் பெயர்கள், மேலே சாமி படம். காணவில்லை என்ற வரியை ஒருவரும் வாசிக்கவில்லை. வாசிப்பதற்கு முன்பே கைகூப்பிவிட்டார்கள். ஆட்களைக் குறை சொல்லவும் முடியாது. அபினாவின் கைக்குப் பழக்கமான உருவம் அதுதான், பார்த்த கண்களுக்கும் பழக்கம் அதுதான். ஆனால் கடலில் உயிரோடு கிடக்கிறவர்களைத் தேட வேண்டியவன், செத்தவர்களுக்கென்று ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுவானே.

அபினா எழுந்துபோய் வெளியே குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து எல்லாவற்றையும் அழித்தாள்.

முதலில் கண்ணில் பட வேண்டியது எது என்று என்னிடம் கேட்டாள், வகுப்பில் கேட்பது மாதிரி. நான் ஜிபின் முகம் என்றேன். இல்லை என்றாள். நடுக்கடலில் எவனும் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, தூரத்தில் படகின் பக்கவாட்டைத்தான் பார்ப்பான். அதில் எழுதியிருப்பது பெயரும் எண்ணும். பெயர் மாதா பெயர். இந்தக் கரையில் எத்தனையோ படகுக்கு அதே பெயர். தமிழ் தெரியாத மங்களூர்க்காரனும் குஜராத்காரனும் வாசிக்கக்கூடியது எண் ஒன்றுதான். அதை மட்டும் தாளின் குறுக்கே வைத்தாள். மஞ்சள் பின்னணி, கறுப்பு எண்.

ஆறும் எட்டும் அடுத்தடுத்து வரும் எண் அது. தடித்த எழுத்தில் போட்டு எனக்கு அனுப்பிப் பார்த்தபோது, போனில் இரண்டும் அடைத்துப்போய் ஒன்றுபோலத் தெரிந்தன. எழுத்துக்குள் இருக்கும் காலியிடமும் எழுத்துதான் என்று ரஷ்மி மிஸ் சொன்னபோது நாங்கள் கொட்டாவி விட்டிருந்தோம். அபினா இப்போது மெலிந்த எண்ணாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் விட்டாள். எண்ணுக்குக் கீழே படகின் பக்கவாட்டுப் படம், அதற்கும் கீழே அவளுடைய போன் நம்பர். மீதி இடத்தைச் சும்மா விட்டாள். அபினா ஒரு தாளில் இடத்தைச் சும்மா விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மாதா படம் எடுக்கப்பட்டதில் கமிட்டியில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை. சகாயசெல்வி அம்மாதான் சொன்னார்: “மாதாவும் தாயாக்கும். பிள்ளையள கண்டு பிடிக்கணும்னா ஒதுங்கி நிப்பா.”

லிஜா அக்கா அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவருக்க பேரு ஒரு ஓரத்திலயாவது கெடக்கட்டே மக்கா?”

“வேண்டாம் அக்கா. பேரு போட்டா பழையபடி ஆயிடும். நம்பர் மட்டும் கண்ணுல பட்டா போதும்.”

அவர் சரி என்று தலையை ஆட்டினார். ஆனால் முகம் சரி என்று சொல்லவில்லை.

நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மீன் விற்றுவிட்டுப் பாத்திரத்தோடு வந்த ஒரு அம்மாவிடம் படத்தைக் கண்சிமிட்டும் நேரம் காட்டி மறைத்தேன். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். “ஏதோ போட்டுக்க நம்பராக்கும். ஏன், காணலியா?” என்றார். படகு எண் என்பதும் காணோம் என்பதும் பட்டுவிட்டது; ஓடிப்போய் அபினாவிடம் சொன்னேன். மஞ்சள் நோட்டீஸ் கிளம்பியது.

அதன் பிறகு காத்திருப்பதுதான் வேலை. அதைவிடக் கொடுமையான வேலையை நான் செய்ததில்லை. கடலுக்குள் போய்விட்ட படகுகளுக்கு வாட்ஸ்அப் எட்டாது. புறப்படப்போகிற படகுகள் பார்த்துவிட்டுப் போனால்தான் உண்டு. அபினா குளிக்கப் போனால்கூடப் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் வீட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். கைகூப்பிய படம் ஒன்றும் வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை.

ஒரு காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஹாலில் எல்லோரும் கேட்கட்டும் என்று அபினா ஸ்பீக்கரைப் போட்டாள். கேரளத்துப் படகு முதலாளி ஒருவர். அவருடைய படகிலிருந்து சாட்டிலைட் போனில் செய்தி வந்ததாம். நடுக்கடலில் ஒரு படகு ஓட முடியாமல் மிதந்துகொண்டிருந்ததாம். தன் ஆட்கள் துறைமுகத்தில் பார்த்த அந்த மஞ்சள் படத்தை மறக்கவில்லை என்றார்.

“ஆ நம்பர் தன்னே. ஏழு பேருண்டு. ஏழு பேருக்கும் குழப்பமில்லா. பேடிக்கண்டா மோளே.”

ஆட்கள் நலம், பயப்பட வேண்டாம் மகளே என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஹாலில் அழுகையும் ஸ்தோத்திரமும் ஒன்றாகக் கிளம்பின. யாரோ கோயில் மணியை அடிக்க ஓடினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் லிஜா அக்கா அபினாவின் கையைப் பிடித்தார்.

“ஏழா?”

போனது எட்டுப் பேர்.

அந்த மனிதர் மேல் தப்பில்லை. அவர் நல்ல செய்தி சொல்வதாகவே நினைத்தார். படகில் எட்டுப் பேர் என்று மஞ்சள் நோட்டீஸில் எங்கும் இல்லை. அபினா தட்டுத்தடுமாறிப் பெயர்களைக் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. மறுபடி தொடர்பு கிடைத்ததும் கேட்டுச் சொல்வதாகப் போனை வைத்தார்.

அந்தப் பகல் எப்படிப் போனது என்று சொல்ல எனக்குத் திராணியில்லை. எட்டு வீட்டுப் பெண்கள் ஒரே ஹாலில் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தன் ஆள் இருக்கட்டும் என்று ஜெபித்தால் இன்னொருத்தி ஆள் போகட்டும் என்று ஜெபிப்பதாக ஆகும். அதனால் ஜெபமாலையும் நின்றுவிட்டது. ஆள் எத்தனை என்று நான் போடவில்லையே என்று அபினா திரும்பத் திரும்ப என் காதில் சொன்னாள். போட்டிருந்தாலும் ஏழு ஏழுதான். அதை நான் சொல்லவில்லை. சகாயசெல்வி அம்மாவும் லிஜா அக்காவும் மட்டும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இருந்தார்கள்.

பிற்பகலில் போன் வந்தது. அவர் மலையாள இழுப்பில் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். லிஜின் என்றதும் ஒரு தாய் சுவரில் சாய்ந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடு அழுதது. ஜிபின் பெயர் கடைசியை ஒட்டித்தான் வந்தது. சகாயசெல்வி அம்மா லிஜா அக்காவைப் பிடித்த கையை விடவில்லை. அதற்கப்புறம் ஒரு பெயர் வந்தது. அது ததேயுஸ் இல்லை.

புரொப்பல்லரில் சுற்றிய கயிற்றை அறுக்கக் கத்தியோடு தண்ணீரில் இறங்கிய ததேயுஸ் மேலே வரவில்லை என்று ஜிபின் வந்த பிறகு சொன்னான். உடலும் கிடைக்கவில்லை. அண்ணன் திரும்பி வந்த வீட்டில் அபினாவால் ஒரு நாளும் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. சந்தோஷம் இருந்தது; தெருவில் லிஜா அக்காவைக் கண்டால் அதை ஒளித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ததேயுஸுக்குக் கோயிலில் நினைவுப் பூசை வைக்கும் தேதி முடிவானதும், அதற்கு நோட்டீஸ் போடச் சொல்ல லிஜா அக்காவே அபினா வீட்டுக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். ஜிபின் எழுந்து உள்ளே போய்விட்டான். அக்கா நாற்காலியில் உட்காரவில்லை.

“அன்னைக்கு நம்பர் பெருசா வேணும்னு செல்லி அவருக்க பேர எடுத்தே. அது சரியாக்கும். ஏழு பேரு வந்தாவ. இனி நம்பரு வேண்டாம் மக்கா. அவருக்குக் கல்லறையும் இல்ல. பேரப் பெருசா போடு.”

அபினா புதிய பக்கம் ஒன்றைத் திறந்தாள். பழைய கறுப்புப் பின்னணியின் பக்கமே போகவில்லை. வெள்ளைத் தாளில் ததேயுஸ் என்று மட்டும் அடித்தாள். கொடி இல்லை, நிழல் இல்லை, கோடு இல்லை. சுற்றிலும் நிறைய இடம் விட்டிருந்தாள். பார்க்க அவ்வளவு அமைதியாக இருந்தது. ரஷ்மி மிஸ் பார்த்தால் குறை ஒன்றும் சொல்லமாட்டார்.

“போதுமா அக்கா?”

“இன்னும்.”

பெரிதாக்கினாள். இன்னும் என்றார். மறுபடி பெரிதாக்கினாள். பெயர் தாளின் இரண்டு ஓரங்களையும் தொட்டது. ஓரத்தில் இடம் விட வேண்டும் என்பது எங்கள் முதல் பாடம். நான் அபினாவைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. லிஜா அக்கா அருகில் வந்து திரையில் அந்தப் பெயரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம்,” என்றார்.

அபினா இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.