பதினாலாவது சீடு

மயிலாப்பூரில் ஒரு கண் மருத்துவமனையில் நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கண்ணுக்குள் கட்டி வந்தவர்களுக்குச் சின்னத் தகடு ஒன்றைக் கண்ணோடு சேர்த்துத் தைத்து, சில நாள் கழித்து எடுப்பார்கள். தகட்டுக்குள் அரிசியைவிடச் சிறிய கதிரியக்கக் குச்சிகள் இருக்கும். சீடு என்போம்.

அந்த வியாழக்கிழமை தகட்டை எடுத்தார்கள். அழுக்குத் துணி மூட்டையின் மேல் கதிர்வீச்சு மீட்டரைக் காட்டிவிட்டு வெளியே அனுப்புவது என் பொறுப்பு. அடுத்த நோயாளி காத்திருந்தார். காட்டாமலே கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி தகட்டைப் பிரித்தார். பதினாலு இருக்க வேண்டும். பதின்மூன்றுதான் இருந்தது.

"சிஸ்டர், அன்னிக்குத் துணி எங்க போச்சு?"

ஈக்காட்டுத்தாங்கல் சலவைக்கூடத்துக்கு இருவரும் ஓடினோம். மூட்டை மூட்டையாக, மெஷின் மெஷினாகத் தேடினோம். மீட்டர் வாயே திறக்கவில்லை. இங்கே இல்லையென்றால் ஊரில் எங்கே?

துணி மடிக்கும் அக்கா ஒருவர் எங்களுக்கு டீ கொண்டுவந்தார். அவர் நெருங்க நெருங்க மீட்டர் படபடவென்று கத்தத் தொடங்கியது. அவர் நின்றார். விலகினார். சத்தமும் விலகியது.

"இன்னா மேடம், என்னைப் பாத்தா கத்துது?"

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்துக் கீழே வைக்கச் சொன்னோம். வெற்றிலைக்கு நடுவில் பளபளவென்று கிடந்தது.

"பெட்ஷீட்ல இருந்து வுழுந்துச்சு. யாரோட கம்மலோ, கேட்டு வந்தா குடுக்கலாம்னு ரெண்டு நாளா வச்சிக்கினு கீறேன்."

அதிகாரி இடுக்கியால் அதை ஈயப் பெட்டிக்குள் போட்டார். மீட்டர் அடங்கியது. விஷயத்தை மெதுவாகச் சொன்னோம். அக்காவின் கை வெறும் இடுப்புக்குப் போனது.

"எம் பேத்திய இந்த இடுப்புலதானே தூக்கிக்கினு இருந்தேன்?"

"பை இருந்த பக்கமா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். இல்லாத குழந்தையை இடது இடுப்பில் வைத்துப் பார்த்தார். பிறகு வலது இடுப்பில். மறுபடியும் இடதில். நினைவு வரவில்லை.

இரண்டு வாரத்தில் அவர் இடுப்பில் தோல் சிவந்து உரிந்தது; பிறகு ஆறிக் கறுத்தது. குழந்தையின் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை, ரத்தமும் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். நான் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் தியேட்டருக்குள் விடவில்லை.

அந்த மாதங்களில் வாராவாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்து, "நீயே நல்லா பாரும்மா" என்பார். பையில் பட்டிருக்கக்கூடிய அந்தப் பஞ்சுபோன்ற தொடையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒன்றுமே இருக்காது.