சோலூர் பிக்கப்பும் குன்னூர் இறக்கத்தின் ‘டொப்’ சத்தமும்

ஊட்டிக்கு ரெண்டு நாள் போய் வருகிறேன் என்றால் என் மனைவி நம்பமாட்டாள். “மலையைப் பார்க்கவா, மோட்டாரைப் பார்க்கவா?” என்பாள். ரெண்டுக்கும்தான். கோவையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன் நான். சோலூரில் ஒருவர் தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டிருந்தார். அவருடைய கேரட் கழுவும் மெஷினில் மோட்டார் புகைந்துவிட்டது. போன மாதம் ஒரு சனிக்கிழமை போய் அதைச் சரிசெய்துவிட்டு, ஞாயிறு முழுக்கக் காலாற நடந்தேன். கூட்டமில்லாத ஊட்டி வேண்டுமென்றால் சோலூர் பக்கம் போங்கள். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் படிப்படியாகக் காய்கறித் தோட்டம். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் அழகை மட்டும் எழுதினால் பொய் எழுதினவன் ஆவேன். பாதித் தோட்டங்களில் இலை பறிக்காமல் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தன. இலை விற்ற காசு பறிக்கிற கூலிக்கே காணாதாம். டீக்கடையில் உட்கார்ந்தால் இதே பேச்சுதான். அந்தக் கடையில் டீ மூன்று ரூபாய். இலை விலை எவ்வளவு விழுந்தாலும் டீ விலை விழாது, அது என்ன கணக்கோ!

திங்கள் காலை 6.10 பஸ் வரவில்லை. ஆறே முக்கால் வரை குளிரில் நின்று எனக்குக் கோபம் தலைக்கேறியபோது ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. பின்னால் கேரட் மூட்டைகள். ஓட்டுநர் ராஜலிங்கத்துக்கு நாற்பது வயதிருக்கும். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள்.

“மேட்டுப்பாளையம்தானுங்க போறேன். ஏறிக்குங்க. ஆனா ஒண்ணு, வண்டியில ஒரு சத்தம் வரும். பயப்படக் கூடாது.”

“சத்தமா? அது நம்ம தொழிலுங்க. நான் கண்டுபிடிச்சுத் தரேன்” என்று ஏறிக்கொண்டேன். வாய்க்கொழுப்பு எனக்குச் சற்று அதிகம்.

ஊட்டி தாண்டி, அருவங்காட்டைக் கடந்ததும் வந்தது. டொப்! முதுகுக்கு நேர் பின்னால், இருக்கையே அதிரும்படி. சத்தியமாக எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“சைலன்சர்ல வெடிக்குதுங்க” என்றேன்.

“டீசல் வண்டிங்க சார் இது, சைலன்சர் வெடிக்காது” என்றார் அவர், மரியாதையாக.

குன்னூரில் இட்லி சாப்பிடும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். முன்பெல்லாம் இந்த வண்டி சோலூரில் பச்சை இலை ஏற்றிப் பக்கத்து ஃபேக்டரிக்கு மட்டும் ஓடியது. ஒரு சத்தமும் இல்லை. விலை விழுந்து ஃபேக்டரி இலை வாங்குவதைக் குறைத்ததும், கேரட் ஏற்றி மலையிறங்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து இந்தச் சத்தம். அதிர்வு தாங்கும் கமான் பட்டை மாற்றினார், என்ஜின் மவுண்டிங் மாற்றினார், ஊட்டியில் மூன்று மெக்கானிக் பார்த்தாயிற்று. பட்டறையில் நிறுத்தினால் வண்டி ஊமையாகிவிடும்.

“வண்டிக்கு வயசாயிருச்சுங்க, மலை தாங்கல. என்னிக்காவது ஒரு வளைவுல ஆக்ஸிலே ஒடைஞ்சு போயிரும். போன மாசம் எம் பொஞ்சாதி புஷ்பம் கூட வந்துச்சு. சத்தத்தப் பொறுக்க முடியாம நடுரோட்டுல எறங்கிட்டு, இனி ஏறமாட்டேன்னுருச்சு. மேட்டுப்பாளையத்துல ஒருத்தர் வெலைக்குக் கேட்டிருக்காரு. இன்னிக்கு லோடு எறக்கினதும் குடுத்துரலாம்னுதான் போறேன்.”

“அப்புறம்?”

“திருப்பூருதான். பனியன் கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. புஷ்பத்துக்கு வர இஷ்டமில்ல. புள்ளைங்க பள்ளிக்கூடம் இருக்குது. என்ன பண்றதுங்க, என்ன நம்பி மூணு உசுரு இருக்கறப்ப மலையில உருண்டு சாக முடியுமா?”

விளையாட்டாக ஏறியவன், இப்போது அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்று வீம்பு பிடித்துக்கொண்டேன். நேரம் ஒன்பது. மேட்டுப்பாளையத்துக்கு முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் பாக்கி.

இறக்கத்தில் இரண்டாம் கியரில் மெல்லப் போனோம். நான் பேனாவும் பஸ் டிக்கெட்டின் பின்புறமுமாக உட்கார்ந்து குறித்துக்கொண்டே வந்தேன். பிரேக் பிடித்தபோது ஒரு ‘டொப்’. பிடிக்காதபோதும் ஒன்று. பள்ளத்தில் இறங்கினால் வரவில்லை, சமமான தார்ரோட்டில் வந்தது. வளைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதென்ன பேயா பிசாசா என்று தலையைச் சொறிந்துகொண்டேன். கூடவே மலையிறங்கும்போது வழக்கமாக வருகிற காதடைப்பு வேறு. எச்சிலை விழுங்கினேன். காதுக்குள் ‘டொப்’ என்று திறந்தது. அதே நேரம் முதுகுக்குப் பின்னாலும் டொப்!

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று கத்தினேன். ராஜலிங்கம் பதறிப்போய், பர்லியாருக்கு முந்தின ஒரு அகலமான இடத்தில் ஓரங்கட்டினார்.

“ஏனுங்க, வண்டியில காத்துப் போகாம அடைச்சு மூடின சாமான் ஏதாச்சும் இருக்குதா?”

“அப்படி ஒண்ணும் இல்லீங்களே. அடியில டூல் பாக்ஸ் இருக்குது, அவ்வளவுதான்.”

கேபினுக்குப் பின்னால், மூட்டை ஏற்றும் தொட்டிக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. ஜாக்கி, கயிறு, ஸ்பேனர் வைக்க அவரே செய்தது. பெருமையாகக் காட்டினார். சோலூர் மஞ்சுப் பனியில் எல்லாம் துருப்பிடித்துப்போகிறது என்று மூடியைச் சுற்றி சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டி, நாலு பக்கமும் நட்டுப் போட்டு முறுக்கியிருந்தார். மழைக்கும் மஞ்சுக்கும் இடையே வாழ்கிறவர்கள் எதையும் இப்படித்தான் இறுக்கி மூடுவார்கள்.

நட்டைத் தளர்த்தினேன். ‘புஸ்ஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது.

“எப்பத் தெறந்தாலும் அப்படித்தாங்க. அவ்வளவு டைட்டு!” என்றார்.

“எப்பங்க இதச் செஞ்சீங்க?”

“கேரட் ஓட்ட ஆரம்பிச்சப்ப...” பாதியில் குனிந்து பெட்டியையே உற்றுப் பார்த்தார்.

பெட்டியின் பக்கத் தகரத்தை உள்ளங்கையால் அழுத்தினேன். டொப். கையை எடுத்தேன். டொப். மேலே மூடிய காற்று அப்படியே உள்ளே இருக்கிறது. கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, தகரத்தை உள்ளே தள்ளுகிறது. ஏறும்போது உள்ளே இருப்பது வெளியே தள்ளுகிறது. ஃபேக்டரிக்கு இலை ஓட்டிய காலத்தில் இந்தப் பெட்டியே இல்லை, ஊட்டிப் பட்டறையில் நிற்கும்போது உயரம் மாறுவதில்லை. அங்கெல்லாம் எப்படிச் சத்தம் வரும்?

ராஜலிங்கம் ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. “ஒரு பொட்டிக்குப் போயா வண்டிய விக்கப் பாத்தேன்!” என்றார். டியூப்பைப் பிய்த்தெடுத்தோம். மழைத் தண்ணீர் ஏறாதபடி பெட்டியின் அடியில் ஆணியால் மூன்று ஓட்டை போட்டோம். அங்கிருந்து மேட்டுப்பாளையம்வரை வண்டி கப்சிப்.

மண்டியில் லோடு இறங்கியது. வண்டியை வாங்க வந்தவர் பதினொரு மணிக்கே காத்திருந்தார். ராஜலிங்கம் அவரிடம், “ஏத்தத்துல ஒருக்கா பாத்துட்டு நாளைக்குச் சொல்றேனுங்க” என்றார். பேச்சு மாறுகிறாயே என்று அவர் சிடுசிடுத்தார். நியாயம்தான். நான் அங்கிருந்து கோவைக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பாதிக் கதையில் எழுந்து போக எனக்கு மனம் வராது. மறுபடி மலையேறினேன்.

கல்லாறு, பர்லியார், காட்டேரி. ரெண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தோம். குன்னூர்வரை ஒரு சத்தமும் இல்லை.

குன்னூர் பஸ் நிலையத்தில் 3.20க்கு நின்றோம். புஷ்பம் அங்கே ஒரு ஃபேக்டரியில் வாரத்தில் மூன்று நாள் வேலை பார்க்கிறார். முன்பு கணவரின் வண்டியிலேயே திரும்புவாராம், இப்போது ரெண்டு பஸ் மாறி. அவர் வருவதற்குள், இந்த மலைப் பக்கம் சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சோலூருக்கு ஊட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர்போல வரும். பஸ் குறைவு, அதை நம்பி வேறு திட்டம் போடாதீர்கள். மலைப்பாதையில் காதடைத்தால் எச்சில் விழுங்குங்கள், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியர், நியூட்ரல் வேண்டவே வேண்டாம். வண்டியில் சத்தம் வந்தால் என்ன சத்தம் என்பதைவிட எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று எழுதுங்கள். நானும் அதை முதலில் செய்யாமல் சைலன்சர் என்று உளறியவன்தான்.

புஷ்பம் வந்தார். வண்டியைப் பார்த்ததும் நாலடி தள்ளியே நின்றார். “நீங்க போங்க. நான் பஸ்ஸுல வாரேன்.”

ராஜலிங்கம் சைக்கிள் டியூப் துண்டை நீட்டி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அடியில் குனிந்து பெட்டியையும் ஓட்டையையும் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

“நீங்க செஞ்ச பொட்டிக்கு நீங்களே பயந்து, எங்களத் திருப்பூருக்கு ஓட்டிட்டுப் போகப் பாத்தீங்களா?”

அவர் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்து ஏறி, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு 4.15க்கு மேட்டுப்பாளையம் பஸ். பிக்கப் ஊட்டி ரோட்டில் ஏறிப்போவதைக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். வளைவில் மறையும்வரை அந்த வண்டியிலிருந்து கேட்ட ஒரே சத்தம், புஷ்பம் அவரைத் திட்டுவதுதான்.