முப்பத்தொன்றாம் தேதி இல்லாத பதிவேடு

எங்கள் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் அவருக்கு ‘ச்சீ அண்ணன்’ என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம், ஆனால் அவருக்குத் தெரியும். காலையில் வந்ததும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக் கீபோர்டைத் துடைப்பார், பஞ்சைத் திருப்பிப் பார்த்து “ச்சீ” என்பார். அடுத்தது மவுஸ், அதற்கும் ஒன்று. பதிவுப் பிரிவு கிளார்க் பேனா மூடியால் காதைக் குடைந்துவிட்டு அதே பேனாவைக் கையெழுத்துப் போட நீட்டுவார், அதற்கு மூன்றாவது. ஐம்பத்திரண்டு வயது, தனி டம்ளர், தனி சோப்பு. கதவை முழங்கையால்தான் தள்ளுவார். ஒருமுறை அவர் மனைவி வந்திருந்தபோது, இங்கேயும் இப்படித்தானா என்று விசாரித்துவிட்டு, “நீங்க எட்டு மணி நேரந்தான், மிச்சம் பதினாறும் நான்” என்று எங்களுக்கு ஆறுதல் சொல்லிப் போனார்.

அழுக்கைவிட அவருக்கு அதிகம் குமட்டியது, பிறர் அரைகுறையாக எழுதிவைத்த நிரல்கள். அப்படி ஒன்றை நானும் எழுதியிருந்தேன். சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியலைக் காட்டும் பக்கம் அது. ரத்தம் பொருந்துகிறவர்களில் யார் அதிக நாள் காத்திருக்கிறாரோ அவருக்கு முதலிடம். நாள் சமமாக இருந்தால் பெயரின் அகரவரிசை. பதிவுத் தேதியிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் கணக்கிட்டுச் சொல்லும். பதினோரு வருடங்களுக்கு முன், வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் எழுதினேன். வருடத்தை 365ஆலும் மாதத்தை 30ஆலும் பெருக்கி, தேதியைக் கூட்டி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டேன். இரண்டு தேதிகளுக்கு இடையே உள்ள நாள்களைச் சரியாகச் சொல்ல அந்த மொழியிலேயே ஆயத்தமாக ஒரு ஃபங்ஷன் உண்டு. தேடச் சோம்பல், அவ்வளவுதான் காரணம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு சிறுநீரகம் வந்தது. இரண்டு பேருக்குப் பொருந்தியது. இருவருக்கும் ஆயிரத்து நூற்று நாற்பது நாள் என்றது பக்கம். அகரவரிசையில் முதலில் வந்தவருக்குப் போயிற்று. மற்றவர் ஒரு தையல்காரம்மா. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், மிச்ச நாள் தையல் மெஷின்.

வியாழக்கிழமை அந்த அம்மா பதிவு ஜன்னலுக்கு வந்தார். மூன்று வருடங்களுக்கு முன் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. முப்பத்தொன்றாம் தேதி முத்திரை. அந்த இன்னொருவர் மறுநாள்தானே பதிந்தார், அவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறவர்கள், எனக்குத் தெரியாதா என்று கேட்டார். கம்ப்யூட்டரில் ஒன்றாம் தேதி என்றுதான் இருக்கிறது என்றார் கிளார்க், தலையை நிமிர்த்தாமல். பிரின்டரைச் சரிசெய்யப் போன ச்சீ அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். வியர்வையில் ஊறி மடிப்பில் கறுத்திருந்த அந்தச் சீட்டை வெறுங்கையால் வாங்கிக்கொண்டு, அந்த அம்மாவைத் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஸ்கிரிப்டைத் திறந்தார். பெருக்கலைப் பார்த்தார்.

“யாரும்மா இங்க வாந்தி எடுத்து வச்சது?”

நான்தான் என்றேன். வழக்கமான ச்சீ வரவில்லை. அது வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பத்து நிமிடத்தில் திருத்திவிட்டார். ஓட்டிப் பார்த்தால் இருவரும் அப்போதும் சமம். கணக்கு சரி, தேதியே தப்பு. உடனே முப்பத்தொன்றாம் தேதியில் பதிந்தவர்கள் அத்தனை பேரின் பட்டியலையும் கணினியிடம் கேட்டார். திரை காலியாக இருந்தது.

“பதினோரு வருஷத்துல முப்பத்தொண்ணாம் தேதி ஒருத்தருக்குமா கிட்னி கெடல?”

கிளார்க்கைக் கூப்பிட்டோம். அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். ஆரம்பத்தில், முப்பத்தொன்றாம் தேதி பதிந்தவர்கள் மறுநாள் வந்து பார்த்தால் காத்திருந்தது பூஜ்ஜியம் நாள் என்று காட்டியிருக்கிறது. என் பெருக்கலில் முப்பத்தொன்றும் மறுநாள் ஒன்றும் ஒரே எண். ஜன்னலில் ஒவ்வொரு முறையும் சண்டை. அதனால் அன்று வருகிறவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் மறுநாள் தேதியைப் போட ஆரம்பித்துவிட்டார், முன்பு பதிந்தவற்றையும் அப்படியே மாற்றிவிட்டார். திரையில் தேதியும் நாளும் ஒத்துப்போக, சண்டை நின்றது.

“நானா பண்ணல சார். இந்த மேடம்கிட்ட சொன்னேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னாங்க.”

சொல்லியிருக்கிறேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. போனில் பேசிக்கொண்டே, கையை ஆட்டிச் சொன்னேன்.

சூப்பரிண்டெண்டிடம் போனோம். அவர் ஒரு நோயாளியின் கோப்பை விரித்து அதன்மேல் வடையைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். எண்ணெய் தாளில் பரவுவதை ச்சீ அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மனிதர் விரலை நக்கினார்.

“ஒரு நாள்தானே? இனிமே சரியா காட்டுதுல்ல, அத்தோட விடுங்க. அந்தம்மா வந்தா ஏதோ டெக்னிக்கல் கோளாறுன்னு சொல்லுங்க.”

எனக்கு அவர்மேல் ஓங்கரிப்பு வந்தது. வெளியே வந்தபின், அவரும் நானும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. இரண்டும் ஒரே எச்சில்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பின்னால் பழைய சீட்டுகளின் அடிக்கட்டைகள் ஓர் அறையில் கிடந்தன. வெள்ளியும் சனியும் அங்கேதான். எலிப் புழுக்கை, ஈரம், செத்த பல்லி, யாரோ துப்பிவைத்த மூலை. கையுறை மத்தியானமே கிழிந்து தீர்ந்தது. கதவுப்பிடியைத் தொடாத மனிதர் அந்தக் குப்பைக்குள் முழங்கை வரை கையைவிட்டுக் கட்டுக் கட்டாக எடுத்துப் போட்டார். நான் தேதியை வாசித்தேன். அறுபத்து மூன்று பேர். அவர்களில் பதினெட்டுப் பேரின் வரிசையில் ‘இறப்பு’ என்று ஏற்கெனவே குறித்திருந்தது. அவர்களுடைய தேதியையும் திருத்தினார். அவர்களுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தையல்காரம்மா டயாலிசிஸ் முடிந்து நேராக வந்தார், கையில் பிளாஸ்திரியோடு. ச்சீ அண்ணன் தன் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார். கோளாறு கீளாறு என்று எதுவும் சொல்லவில்லை.

“நீங்க முப்பத்தொண்ணாம் தேதிதான்மா வந்தீங்க. அன்னைக்கு வந்தது உங்களுக்குப் போக வேண்டியது. எங்க தப்பு.”

பழி முழுவதையும் அண்ணன் ஒருவரையே தாங்கவிடக் கூடாதென்று, கணக்கை எழுதியவள் நான் என்று நானும் சொன்னேன். இப்போது அந்த அம்மாவின் பெயர்தான் அவருடைய ரத்தப் பிரிவில் முதலில் இருக்கிறது என்றும் சொன்னேன். அடுத்தது எப்போது வரும் என்று அவர் கேட்டார். தெரியாது என்றார் ச்சீ அண்ணன்.

அந்த அம்மா சீட்டை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்து அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ச்சீ” என்றார்.

குரல்கூட உயரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார். அந்த அறையில் ஆயிரம் தடவை கேட்ட சொல்தான். ஸ்பிரிட்டும் பஞ்சும் மேஜையில் இருந்தன. அன்று அண்ணன் அவற்றைத் தொடவில்லை.