அன்றைக்கு நான் முக்கவில்லை

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. நான் கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு குடோனில் மூட்டை தூக்குகிறவன். இந்த உடம்புக்கு என்ன குறை இருக்கப்போகிறது என்று இரண்டு வீட்டாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், எனக்கு அது வசதியாக இருந்தது.

விந்துப் பரிசோதனையில் அணுக்கள் சற்றுக் குறைவு என்று வந்ததும் டாக்டர் என்னை நிற்கவைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தார். இடது விரைக்கு மேலே நரம்பு புடைத்திருக்கிறது போலிருக்கிறது, வெரிகோசீலாக இருக்கலாம், கையை மட்டும் நம்ப முடியாது, ஸ்கேன் எடுங்கள் என்றார். சூட்டை அளந்து கண்டுபிடிக்கிற முறைகூட உண்டாம், ஆனால் ஸ்கேனே போதுமாம். கத்தி இல்லை, ஊசி இல்லை என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஸ்கேன் அறையில் இருந்தது ஒரு பெண், என் தங்கை வயது. "சேட்டா, ஸ்வாசம் பிடிச்சு நல்லா முக்கணும், அப்பத்தான் ரத்தம் திரும்பறது தெரியும்" என்றாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தை மட்டும் சுளித்துக்கொண்டு சும்மா கிடந்தேன். தினமும் மூச்சடக்கி மூட்டை ஏற்றுகிறவன்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் நரம்பில் குறை ஒன்றுமில்லை என்று வந்தது.

அதோடு அணுக்கள் சற்றுக் குறைந்ததை எல்லோரும் மறந்தார்கள், பார்வை மனைவி பக்கம் திரும்பியது. ஒரு வருஷம் அவளுக்கு மாத்திரை, ஊசி, உள்ளே விட்டுப் பார்க்கிற ஸ்கேன். என் அம்மா போனில் பேசியதெல்லாம் தனி. நான் வாயே திறக்கவில்லை.

போன மாதம் எறணாகுளத்தில் வேறொரு டாக்டர். அவர் கைக்கே நரம்பு நன்றாகத் தட்டுப்பட்டது. திரும்பவும் ஸ்கேன். இந்தத் தடவை அலுத்துப்போய், சொன்னபடி முக்கினேன். ரத்தம் பின்னோக்கி ஓடுவது திரையில் தெரிந்தது. சரிசெய்யக்கூடியதுதான் என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி கேட்டாள், "அப்போ முதல் ஸ்கேன்ல ஏன் தெரியலையாம்?"

இனியும் மறைக்கத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். தோப்பும்படி பாலம் தாண்டும்வரை அவள் கையிலிருந்த ரிப்போர்ட் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெக்கமா இருந்துச்சா உங்களுக்கு?" என்றாள் பிறகு. "இந்த ஒரு வருஷத்துல நான் எத்தனை பேர் முன்னாடி படுத்திருக்கேன்னு எண்ணிப் பார்த்தீங்களா?"

நான் எண்ணியதில்லை. எங்கள் ஸ்டாப் வந்தது. ரிப்போர்ட் கவரை என் மடியில் வைத்துவிட்டு அவள் முதலில் இறங்கிப் போனாள்.